கல் சொல்லும் காலம்

பண்டை வரலாற்றை ஆராய்வோர் ஏடுகளையும் ஆவணங்களையும் நாடுவர். ஆனால், ஏட்டில் இடம் பெறாத செய்திகள் பல. ஓர் ஊரில் வாழ்ந்த உழவரும் வணிகரும் கொத்தரும் தச்சரும் தம்மைப் பற்றி எதனையும் எழுதி வைத்தாரல்லர். எனினும், அவர்கள் கூடி எழுப்பிய கட்டடங்கள் நிற்கின்றன. கல்லை அடுக்கிய முறை, வாயிலின் வளைவு, சாளரத்தின் வடிவு ஆகிய ஒவ்வொன்றும் அது தோன்றிய காலத்தைத் தன்மேல் எழுதிக்கொண்டுள்ளது. அவ்வெழுத்தைப் படிக்கக் கற்றவர்க்குப் பழங்கட்டடம் ஒன்று பல நூற்றாண்டுகளின் வரலாற்று ஏடாக விளங்கும். இங்கிலாந்தில், பார்ட்டன் என்னும் ஊரிலுள்ள தூய பேதுரு கோயில் அத்தகைய ஏடுகளுள் ஒன்று. அதனைப் படிக்கும் முறையை உலகிற்குக் காட்டியவர் கட்டடக் கலையை எந்தக் கல்லூரியிலும் பயிலாத ஓர் அலுவலக எழுத்தர் என்பது வியப்பிற்குரிய செய்தியாகும்.

ஊரும் கோயிலும்

இங்கிலாந்தின் கீழ்க்கரையில் ஹம்பர் என்னும் அகன்ற கழிமுகம் கடலோடு கலக்கின்றது. அதன் தென்கரையில், லிங்கன்சயர்ப் பகுதியில் அமைந்த சிற்றூரே பார்ட்டன். இன்று அமைதியாகக் காணப்படும் இவ்வூர் முற்காலத்தில் வளம் மிக்க துறைமுகமாக இருந்தது. நார்மானிய மன்னனாகிய வில்லியம் தன் நாட்டிலுள்ள நிலங்களையெல்லாம் கணக்கெடுக்குமாறு ஆணையிட்டான். 1086-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட அக்கணக்கில் பார்ட்டனில் ஒரு சந்தையும், ஒரு படகுத்துறையும், ஆலைகளும், ஒரு கோயிலும், அதற்கு ஒரு குருவும் இருந்தமை குறிக்கப்பட்டுள்ளது. ஆற்றைக் கடப்போரும் பண்டங்களை விற்போரும் கூடிய இடமாதலின் ஊரில் செல்வம் சேர்ந்தது. செல்வம் சேரச் சேரக் கோயிலும் வளர்ந்தது.

இடைக்கால இங்கிலாந்து சிறு சிறு பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பங்கிற்கும் ஒரு கோயில் உண்டு. அதனைப் பங்குக் கோயில் என்பர். குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பதும், மணமக்களை இணைப்பதும், இறந்தோரை அடக்கம் செய்வதும் அங்கேதான். ஆதலின், ஊரில் பிறந்த எவருடைய வாழ்வும் அக்கோயிலோடு பிணைந்தே இருந்தது.

இத்தகைய கோயில் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். கிழக்குக் கோடியில் திருப்பீடம் அமைந்த பகுதி பீடக்கூடம் எனப்படும், அது குருமாருக்குரியது. அதன் மேற்கே மக்கள் கூடி நின்று வழிபடும் நடுக்கூடம் அமையும். நடுக்கூடத்தின் இருமருங்கும் தூண் வரிசைகளுக்கு அப்பால் பக்கக்கூடங்கள் சேர்க்கப்படுவதும் உண்டு. மணிகள் தொங்கும் கோபுரம் மேற்குக் கோடியில் உயர்ந்து நிற்றல் பெருவழக்கு. பீடக்கூடத்தைப் பழுது பார்க்கும் பொறுப்பு, பங்கின் வருவாயைப் பெறுவோரைச் சார்ந்தது. நடுக்கூடத்தைப் பேணுவது ஊர் மக்களின் கடமை. ஆகவே, ஒரே கோயிலில் ஒரு பகுதி புதுமை பெற்றுப் பொலிய, மற்றொரு பகுதி பழமை மாறாமல் நிற்பதைப் பல ஊர்களில் காணலாம். ஒரு கோயிலுக்கு ஒரே வயது என்று கொள்வது தவறு. அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு வயது உண்டு.

நான்கு காலங்கள்

இவ்வயதுகளை எவ்வாறு அறிவது? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் இவ்வினாவிற்குத் தெளிவான விடை இல்லை. கற்றோரும் பழங்கோயில்களைப் பொதுப்படப் புகழ்ந்தனரேயன்றி, ஒன்றன் காலத்தை மற்றொன்றன் காலத்தினின்று பிரித்தறிய வல்லவராக இல்லை. அக்குறையைப் போக்கியவர் தாமஸ் ரிக்மன்.

ரிக்மன் 1776-ஆம் ஆண்டில் பிறந்தவர். அவர் மருத்துவம் பயின்றார், அத்தொழிலில் நிலைக்கவில்லை. வாணிகத்தில் ஈடுபட்டார், அதிலும் தோல்வியே கண்டார். மனைவியையும் இழந்தார். பின்னர் லிவர்ப்பூல் நகரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணக்கெழுதும் பணியில் அமர்ந்தார். துயரத்தை ஆற்றிக்கொள்ள நெடுந்தொலைவு நடந்து செல்வதை அவர் வழக்கமாகக் கொண்டார். செல்லும் வழியில் எதிர்ப்பட்ட கோயில்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. அவர் குவேக்கர் எனப்படும் சமயப் பிரிவில் வளர்ந்தவர்; கோபுரமும் அணிகளும் இல்லாத எளிய கூடங்களில் வழிபடுவோர் அப்பிரிவினர். எனினும், தம் பிரிவினர்க்கு உரியன அல்லாத அக்கோயில்களை அவர் அளந்தார், வரைந்தார், குறிப்பெடுத்தார். தூணை வேறு தூணோடும், சாளரத்தை வேறு சாளரத்தோடும் ஒப்பிட்டார். அம்முயற்சியின் பயனாக 1817-ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. இங்கிலாந்தின் இடைக்காலக் கட்டடக் கலையை அவர் அந்நூலில் நான்கு வகையாகப் பிரித்தார்.

1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றது முதல் ஏறத்தாழ 1189 வரை எழுந்தவை நார்மானிய வகையின. தடித்த சுவர்களும், பருத்த தூண்களும், அரைவட்ட வளைவுகளும் அவற்றின் அடையாளங்கள். அடுத்து 1307 வரை அமைந்தவை முற்கால ஆங்கில வகையின. அவற்றின் சாளரங்கள் ஒடுங்கி உயர்ந்து, ஈட்டிமுனைபோற் கூர்மையாக முடியும். பின்னர் 1377 வரை விளங்கியது அணி வகை. சாளரத்தின் மேற்பகுதியில் கல்லே கொடிபோல் வளைந்தும் பின்னியும் நிற்கும். இறுதியாகத் தோன்றியது நிமிர்கோட்டு வகை. அகன்ற சாளரங்களை அடி முதல் முடி வரை நேரான கற்கம்பிகள் பகுக்கும். சுவரே கண்ணாடியாயிற்றோ என எண்ணும் அளவிற்கு ஒளி உள்ளே பாயும். ரிக்மன் இட்ட இந்நான்கு பெயர்களும் இரண்டு நூற்றாண்டுகள் கடந்த பின்னும் அறிஞரிடையே வழங்குகின்றன.

இம்மாறுதல்கள் வெறும் அழகு கருதி நிகழ்ந்தவையல்ல. அரைவட்ட வளைவின் உயரம் அதன் அகலத்தில் சரிபாதியாகும். பத்தடி அகல வளைவு ஐந்தடி உயரும். இருபதடி அகல வளைவு பத்தடி உயரும். எனவே, அகலம் வேறுபட்ட இரு வளைவுகளை ஒரே மட்டத்தில் தொடங்கி ஒரே உயரத்தில் முடித்தல் அரிது. கூர்வளைவிற்கு இத்தளை இல்லை. அகலம் எதுவாயினும் முனையை ஏற்றவோ இறக்கவோ இயலும். மேலும், அரைவட்ட வளைவு தன்மேல் ஏறிய பாரத்தைப் பக்கவாட்டில் வலிந்து தள்ளும். உயர்ந்த கூர்வளைவில் அத்தள்ளுதல் குறையும். வெளிப்புறத்தில் முட்டுச்சுவர்களை நிறுத்தி எஞ்சிய தள்ளுதலையும் தாங்கச் செய்தனர். அதனால் சுவரின் தடிப்பைக் குறைக்கவும், சாளரத்தை அகலப்படுத்தவும் கொத்தர்க்கு வழி பிறந்தது. இருண்ட கோயில் ஒளிமிக்க கோயிலாக மாறிய வரலாறு இதுவே.

கோபுரம் அளித்த சான்று

நான்கு வகைகளையும் வகுத்த ரிக்மனுக்கு ஐந்தாவதாக ஒரு வினா எழுந்தது. நார்மானியர் வருவதற்கு முன் பல நூற்றாண்டுகள் இங்கிலாந்தில் வாழ்ந்தோர் ஆங்கிலோ-சாக்சன் மக்கள். அவர்கள் எழுப்பிய கட்டடம் ஏதேனும் எஞ்சியுள்ளதா? இதனைப் பற்றி இருவேறு கருத்துகள் நிலவின. அரைவட்ட வளைவு காணப்பட்டால் போதும், அது சாக்சன் காலத்தது எனச் சிலர் துணிந்தனர். அக்காலத்தவர் மரத்தாலேயே கட்டினர். ஆகவே அவர்தம் கட்டடம் ஒன்றும் எஞ்சவில்லை என மற்றும் சிலர் வாதிட்டனர். பழைய ஆங்கிலத்தில் கட்டுதல் என்னும் பொருள் தரும் வினைச்சொல், மரத்தைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்ததாகும்; அதுவும் இவர்களுக்குத் துணை நின்றது. ஒருசாரார் எல்லாவற்றையும் சாக்சன் என்றனர். மற்றொரு சாரார் எதுவும் சாக்சன் அன்று என்றனர். இவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூறும் சான்று பார்ட்டனில் நின்றது.

தூய பேதுரு கோயிலின் மேற்கில் சதுரமான கோபுரம் ஒன்று மூன்று அடுக்குகளாக உயர்ந்துள்ளது. கீழிரண்டு அடுக்குகளின் சுவர்மேல் மெல்லிய கற்பட்டைகள் புடைத்து நிற்கின்றன. கீழடுக்கில் அப்பட்டைகள் அரைவட்ட வளைவுகளின் வரிசையாக அமைந்துள்ளன. அதன்மேல், இரு கற்களை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்தினாற்போல், முக்கோண முகடுகளின் வரிசை காணப்படுகின்றது. மரச்சட்டங்களை இணைத்து வீடு கட்டிய தச்சனின் வேலையைக் கொத்தன் கல்லில் செய்து பார்த்ததுபோல் அது தோன்றும். மூலைகளில் நெடுங்கல் ஒன்று நிமிர்ந்தும், அதன்மேல் ஒரு கல் படுத்தும் மாறி மாறி அமைந்துள்ளன. இரட்டைச் சாளரங்களின் நடுவே, கடைசல் பிடித்த மரக்கால் போன்ற குறுந்தூண்கள் நிற்கின்றன. மூன்றாம் அடுக்கிலோ பட்டைகள் இல்லை. முக்கோண முகடுகளும் இல்லை. அதன் வேலைப்பாடே வேறு.

இதனைக் கண்ட ரிக்மன் 1819-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். அம்முடிவின் நெறி மிக எளிது. மேலடுக்கு நார்மானியர் காலத் தொடக்கத்தின் இயல்புகளை உடையது. கீழடுக்குகள் அதனின் முற்றிலும் வேறுபட்டவை. சுவரைக் கட்டுவோர் அடியிலிருந்தே தொடங்குவர். மேலடுக்கை முதலில் அமைத்துப் பின்னர்க் கீழடுக்கை அதன் அடியில் நுழைத்தல் இயலாது. ஆகவே கீழடுக்குகள் நார்மானியருக்கு முற்பட்டவை. அதாவது, சாக்சன் காலத்தவை. கல்வெட்டும் இன்றி, ஆவணமும் இன்றி, எதன்மேல் எது நிற்கின்றது என்னும் ஒரே உண்மையைக் கொண்டு அவர் இவ்வழக்கைத் தீர்த்தார்.

இத்தீர்ப்பின் பயன் பார்ட்டனோடு நிற்கவில்லை. கற்பட்டை, முக்கோண முகடு, நிமிர்ந்தும் படுத்தும் மாறிவரும் மூலைக்கல், கடைசல் வடிவக் குறுந்தூண் ஆகியவை சாக்சன் காலத்தின் அடையாளங்கள் என உறுதியாயின. நார்தாம்டன்சயர்ப் பகுதியிலுள்ள ஏர்ல்ஸ் பார்ட்டன் கோபுரத்திலும் இவ்வடையாளங்கள் விளங்குகின்றன. ஒரு மக்களினத்தின் கலை அடியோடு அழிந்தது என்று கருதப்பட்ட நிலை மாறி, அஃது ஊர்தோறும் தேடப்படும் நிலை உண்டாயிற்று.

மண்ணின் சான்று

கண்ணால் கண்டு ரிக்மன் துணிந்ததை, ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்குப் பின் மண்வெட்டி மேலும் விளக்கியது. பார்ட்டனில் தூய மரியாள் பெயரால் மற்றொரு கோயிலும் உண்டு. இரு கோயில்களைப் பேணுதல் ஊருக்கு அரிதாகவே, 1972-ஆம் ஆண்டில் தூய பேதுரு கோயில் வழிபாட்டிற்கு வேண்டாததென விலக்கப்பட்டது. பின்னர் அரசு அதனைத் தன் பாதுகாப்பில் ஏற்றது. 1978 முதல் 1984 வரை வார்விக் ராட்வெல் என்னும் தொல்பொருள் அறிஞரின் தலைமையில் கோயிலின் உள்ளும் புறமும் அகழப்பட்டன.

அகழ்வு முதற்கோயிலின் வடிவைக் காட்டியது. 10-ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்த அக்கோயில் மிகச் சிறியது. இன்று கோபுரமாக நிற்பதன் அடித்தளமே அன்று மக்கள் கூடும் இடமாக இருந்தது. அதன் மேற்கே திருமுழுக்குக்குரிய ஒரு சிற்றறை. அஃது இன்றும் நிற்கின்றது. கிழக்கே ஒரு சிறு பீடக்கூடம். அதன் கடைக்கால் மட்டும் மண்ணுக்குள் கிடந்தது. இம்மூன்றும் சேர்ந்ததே முழுக் கோயில்.

ஊர் பெருகியது, கோயிலில் இடம் போதவில்லை. 11-ஆம் நூற்றாண்டில் கோபுரத்தின்மேல் மணியடுக்கு ஒன்று ஏற்றப்பட்டது. சிறு பீடக்கூடத்தை இடித்துக் கிழக்கு நோக்கி நடுக்கூடத்தை நீட்டினர். அடுத்த நூற்றாண்டுகளில் பக்கக்கூடங்கள் சேர்ந்தன. அவையும் போதாவாகி மீண்டும் அகன்றன. கூர்வளைவுகளைத் தாங்கும் தூண் வரிசைகள் எழுந்தன. 15-ஆம் நூற்றாண்டில் நடுக்கூடத்தின் சுவர்களை உயர்த்தி, பக்கக்கூடக் கூரைகளுக்கு மேலே சாளர வரிசை ஒன்று அமைத்தனர். அதன் வழியே ஒளி நேரே நடுக்கூடத்தில் இறங்கியது. இவ்வளவு மாறுதல்களிடையேயும் பழைய கோபுரத்தை எவரும் இடிக்கவில்லை. ஒரு காலத்தில் முழுக்கோயிலாக இருந்தது, பெருங்கோயிலின் ஓர் உறுப்பாக ஒடுங்கி நின்றது. அவ்வாறு நின்றமையால்தான் ரிக்மன் அதனைப் படிக்க முடிந்தது.

கல்லோடு மக்களின் வரலாறும் வெளிப்பட்டது. சாக்சன் காலம் முதல் 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை அடக்கம் செய்யப்பட்ட 2,700-க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. ஓர் ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் எவ்வளவு உயரம் வளர்ந்தனர், எந்நோயால் வருந்தினர் என்பனவற்றை மருத்துவ அறிஞர் அவற்றினின்று ஆராய்ந்தனர். உழைத்துத் தேய்ந்த மூட்டுகளின் நோயைப் பல எலும்புகள் காட்டின. கோயிலை எழுப்பக் கல் சுமந்தோர், அதன் தூண்களிடையே நின்று வழிபட்டோர் ஆகியோரின் வழிவந்தோரும் அவர்களுள் இருந்திருத்தல் கூடும். ஆராய்ச்சி முடிந்தபின், 2007-ஆம் ஆண்டில் அவ்வெலும்புகள் அக்கோயிலுக்கே திரும்பின. முன்னர் இசைக்கருவி வைத்திருந்த அறையில் மதிப்புடன் வைக்கப்பட்டன.

அழிக்கும் அன்பு

பழங்கோயில்களுக்குப் பகையால் வந்த கேடு உண்டு. அன்பால் வந்த கேடும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தெங்கும் கோயில்களைச் செப்பனிடும் ஆர்வம் மிகுந்தது. கூரை ஒழுகியதை நிறுத்தியதும், சாய்ந்த சுவரைத் தாங்கியதும் நன்மையே. ஆயினும், சிலர் அவ்வளவோடு அமையவில்லை. ஒரு கோயில் முழுவதும் ஒரே காலத்து வடிவில் விளங்குதல் வேண்டும் என விரும்பினர். பிற்காலத்துச் சாளரங்களைப் பெயர்த்து, பழையன போன்ற புதியவற்றை வைத்தனர். சுவரின் பழஞ்சாந்தைச் சுரண்டி எறிந்தனர். சாந்தோடு அதன்மேல் தீட்டிய ஓவியங்களும் பல இடங்களில் மறைந்தன. நான்கு வகைகளை மக்களுக்குக் கற்பித்த நூல்களே, ஒன்றைப் போற்றி மற்றவற்றை நீக்குவோர்க்கும் வழிகாட்டிகள் ஆயின என்பது வருந்தத்தக்கது.

இதனைக் கண்டு மனம் கொதித்தவர் கவிஞரும் கலைஞருமாகிய வில்லியம் மாரிஸ். டூக்ஸ்பரி என்னும் ஊரின் பெருங்கோயிலும் அவ்வாறு செப்பனிடப்படவுள்ளது என்று கேள்வியுற்ற அவர், 1877-ஆம் ஆண்டில் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். சுரண்டுவதை எதிர்ப்போர் சங்கம் என அதற்கு ஒரு விளையாட்டுப் பெயரும் வழங்கிற்று. ஒவ்வொரு காலத்தவரும் சேர்த்தது அவ்வக்காலத்தின் சான்று. பழுது பார்க்கலாம், ஆனால் பழையது போன்ற பொய்யை அமைத்தல் ஆகாது என்பது அச்சங்கத்தின் கொள்கை. இன்று பல நாடுகளில் பழங்கட்டடங்களைக் காப்போர் பின்பற்றும் நெறி இக்கொள்கையின் வழிப்பட்டதே.

இக்கொள்கையின் அருமையைப் பார்ட்டன் கோபுரம் நன்கு விளக்கும். அதன் கீழடுக்குகளே தொன்மையானவை என்று மேலடுக்கை இடித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? கீழடுக்குகளின் காலத்தைக் காட்டும் சான்றே அழிந்திருக்கும். பிற்காலத்து வேலையே முற்காலத்து வேலைக்குச் சான்றாக நின்றது. மேலடுக்கு எழுந்த ஆண்டைப் பற்றி அறிஞர் இன்னும் ஆராயலாம். ஆயினும் கீழது முந்தியது, மேலது பிந்தியது என்னும் வரிசை மாறாது.

தூய பேதுரு கோயிலில் இப்போது நாள் வழிபாடு நடைபெறுவதில்லை. எனினும், அதன் பணி முடிந்துவிடவில்லை. கொத்தர் பலர் பல நூற்றாண்டுகளில் எழுதிச் சேர்த்த ஏடாக அது திறந்து கிடக்கின்றது. அதனைப் படிக்கத் தேவையானவை கூர்ந்து நோக்கும் கண்ணும், ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமையும், சான்று காட்டும் வழியில் மட்டுமே செல்லும் நேர்மையும் ஆகும். தாமஸ் ரிக்மன் என்னும் எழுத்தரிடம் பட்டம் எதுவும் இல்லை, இம்மூன்றும் இருந்தன. ஊரார் பலர் நாள்தோறும் கடந்து சென்ற அந்தச் சுவர் அவருக்கு உண்மையை உரைத்தது.